எங்கள் பட்டினியைப் பாராட்டாதீர்கள்

"ஏழைங்க மனசு பெருசு, இல்லாதப்பகூடப் பகிர்ந்து சாப்பிடுறாங்க" என்று யாராவது எங்களை மெச்சும்போது வயிறு எரிகிறது. ஆமாம், 2020 ஊரடங்கில் பெரும்பாக்கம் குடியிருப்பில் பகிர்ந்துதான் சாப்பிட்டோம். ஒரு வீட்டில் கேஸ் இருக்கும், அரிசி இருக்காது. பக்கத்து வீட்டில் அரிசி இருக்கும், சிலிண்டர் தீர்ந்திருக்கும். எங்கள் பிளாக் அக்காமார் இரண்டையும் சேர்த்து வராந்தாவில் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். கைக்குழந்தை எந்த வீட்டில், தனியாகக் கிடக்கிற ஆயா எந்த மாடியில் என்று பையன்கள் கணக்கெடுத்தார்கள். எட்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் ஓடாத நாளில் தூக்குவாளியோடு படியேறினார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஆனால் எங்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டவர்களுக்கு அதைப் பாராட்டும் யோக்கியதை கிடையாது.

எங்களைப் பட்டினி போட்டது கொரோனா கிருமி இல்லை. ஊரடங்குக்குச் சில மாதம் முன்புவரை சென்னையில் கூவக்கரையில் இருந்தோம். அம்மா வீட்டுவேலை பார்த்த தெருக்கள் நடக்கிற தூரம். அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதிவிட்டு அரிசி வாங்கலாம். அம்மா உணவகமும் பக்கத்தில்தான்; ஊரடங்கில் சென்னையில் அங்கே கொஞ்ச நாள் காசில்லாமலே சாப்பாடு போட்டார்கள். எங்களையோ அதற்குள் ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லி, வீட்டை இடித்து, லாரியில் ஏற்றி, மாநகராட்சி எல்லைக்கே வெளியே இந்தப் பெரும்பாக்கம் ஊராட்சியில் இறக்கியிருந்தார்கள். முகம் தெரியாத ஊரில் யார் கடன் கொடுப்பார்கள்?

மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நாலு மணி நேரத்தில் நாடே அடைபட்டது. அரிசிக் கார்டுக்கு 1000 ரூபாய், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் என்று மாநில அரசு அறிவித்தது. எங்களிடம் கார்டு இருந்தது. ஆனால் அது பழைய இடத்து ரேஷன் கடையில்தான் பதிவாகியிருந்தது. பஸ் இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, ரோட்டில் இறங்கினால் லத்தி. இங்கே உள்ள கடையில் கேட்டதற்கு, "உங்க கார்டு இங்க இல்லம்மா, அங்கயே போய் வாங்கிக்குங்க" என்றார்கள். எப்படிப் போவது? வீட்டை இடிக்க ஒரே நாளில் புல்டோசர் வந்ததே, கார்டை மாற்ற மட்டும் ஏன் மாதக்கணக்கில் ஆனது? அம்மா வேலை பார்த்த அடுக்குமாடியில் வேலைக்காரர்களை உள்ளே விட மாட்டோம் என்றுவிட்டார்கள். ஏப்ரல் சம்பளம் வரவே இல்லை.

ஏப்ரல் 12 அன்று, கட்சிகளோ தொண்டு அமைப்புகளோ தனியாட்களோ நேரடியாக உணவு கொடுக்கக் கூடாது என்று மாநில அரசு சொன்னது. சோறு கொடுப்பதற்கு உயர் நீதிமன்றம்வரை போய், நிபந்தனைகளோடு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த இடைப்பட்ட நாட்களில் எங்கள் பிள்ளைகளின் வயிறு எந்தத் தீர்ப்புக்குக் காத்திருக்கும்?

அரிசி இல்லாமலா இத்தனையும் நடந்தது? அந்த ஏப்ரலில் இந்திய உணவுக் கழகத்திடம் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம் இருந்தது. ஏப்ரல் 20 அன்று, உபரி அரிசியை எத்தனாலாக்கிச் சானிடைசர் செய்யலாம் என்று தில்லியில் அனுமதி கொடுத்தார்கள். உபரியாம்! இங்கே ஒரு படி அரிசியை நாலு வீட்டுக்குப் பிரித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் முதலில், அப்புறம் கிழவர்கள்; பெண்களுக்கு வடித்த கஞ்சித் தண்ணீர் மிஞ்சினால் உண்டு. சத்துணவும் நின்றுபோயிருந்தது. மத்தியானச் சாப்பாட்டை நம்பிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எங்கள் வீடுகளில்தான் அதிகம் என்பது எந்த அதிகாரிக்குத் தெரியாது?

இவ்வளவும் பட்ட பிறகாவது நிறுத்தினார்களா? அதே வருஷம் டிசம்பரில் ஆற்றங்கரையிலிருந்து அடுத்த குடும்பங்களைப் பெட்டி படுக்கையோடு இங்கேயே கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களையும் வேலையிலிருந்து, பள்ளிக்கூடத்திலிருந்து, கடன் கொடுக்கிற கடையிலிருந்து பிய்த்துத்தான் கொண்டுவந்தார்கள். வந்து இறங்கிய ராத்திரி அவர்களுக்கும் எங்கள் அக்காமார்தான் உலை வைத்தார்கள். இன்னும் எத்தனை லாரிக்கு நாங்களே பொங்கிப் போடுவது, சொல்லுங்கள்?