ஊமையாக்கினது யார்?

கள்ளக்குறிச்சிப் பக்கமாகட்டும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கமாகட்டும், கை கால் விறைத்து வாய் குழறும் பிள்ளை பிறந்துவிட்டால் பல வீடுகளில் அதற்கென்று ஒரு மூலை ஏற்பட்டுவிடுகின்றது. வேளைக்குச் சோறு ஊட்டுகிறார்கள், துணி மாற்றுகிறார்கள். ஆனால் அதனிடம் பேசுவார் இல்லை. கேட்டால் "பூர்வ ஜன்ம பாவம்" என்கிறார்கள். பிறந்து ஒரு நாளும் ஆகாத குழந்தை செய்த பாவம் எது என்றால் மட்டும் பதில் கிடையாது.

இதன் பெயர் மூளை முடக்குவாதம். வளரும் மூளைக்குப் பிறக்குமுன்னோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்படும் சேதமே இதற்குக் காரணம். குறைமாதப் பிறப்பு, மூச்சுத் திணறல், கடும் மஞ்சட்காமாலை, மூளைக் காய்ச்சல் முதலியவற்றால் இது வரலாம். 1861-லேயே லிட்டில் என்ற வைத்தியர் லண்டனில் இதைப் பிரசவக் கஷ்டங்களோடு சம்பந்தப்படுத்திப் பேசினார். ஜாதகத்துக்கும் கிரகணத்துக்கும் இதில் வேலையே இல்லை. பரிகாரத்துக்குச் செலவழிக்கும் பணம் வீண். அதில் கழியும் வருஷங்களோ பிள்ளையின் பழகும் பருவம்.

நிற்க, நாக்கும் உதடும் சொன்னபடி கேளாததால் பேச்சு வராமலிருப்பதைப் பார்த்து, புத்தியே இல்லையென்று முடிவு கட்டுவது பெருந்தவறாகும். சிலருக்கு அறிவுக் குறை உண்டு; பலருக்கு இல்லை. உள்ளவர்களும் பழக்கினால் கற்பார்கள். வணக்கம் சொல்லவும், முறை வரும்வரை காத்திருக்கவும், வேண்டும் வேண்டாமென்று தெரிவிக்கவும் மற்றப் பிள்ளைகள் எங்கே கற்றார்கள்? தெருவிலும் திண்ணையிலுந்தானே? அந்தத் தெருவையே காட்டாமல் வைத்துவிட்டு, "இதற்கு ஒன்றும் தெரியாது" என்பது என்ன நியாயம்?

செய்யவேண்டியது அதிகமில்லை. இட்டிலியா தோசையா என்று கேட்டு, கண்ணாலோ விரலாலோ காட்டும்வரை பொறுத்திருங்கள். பேச வராவிட்டால் படங்கள் ஒட்டிய பலகை ஒன்று வையுங்கள். கடைக்குத் தூக்கிப்போய்க் காசை அதன் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். பிடிக்காதவர் தொட்டால் மறுக்கக் கற்பியுங்கள். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் யோசனை கேளுங்கள். 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி, குறை நாற்பது சதவீதத்துக்குக் குறையாத பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையே ஒழிய, தருமமன்று.

மேலும், பழகக் கற்கவேண்டியது பிள்ளை மாத்திரமா? மூளை முடக்குவாதமுள்ள ஜீஜா கோஷ் என்ற படித்த பெண்மணியை 2012-இல் கல்கத்தாவில் விமானத்தினின்றும் இறக்கிவிட்டார்கள். பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி 2016-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அங்கே மனிதரோடு பழகத் தெரியாதவர் யார்?

1976 வரையில் ஜாகீர்தார்களின் கீழிருந்த மலை மக்களுக்கு, தம் வாயைப் பிறர் அடைப்பது இன்னதென்று நாம் சொல்லவேண்டியதில்லை. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானது. ஆனாலும் வீட்டு மூலையில் கிடக்கும் பிள்ளைக்கு வாசற்படியே இன்னும் தூரமாயிருக்கின்றது.

ஆகவே தோழர்களே, இனி அப்படியொரு பிள்ளையைக் கண்டால், "இதுக்குப் பேர் என்னம்மா?" என்று தாயிடம் கேளாமல், "தம்பி, உன் பேர் என்ன?" என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும். அதுவரை நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.