ஏரிக்கரை வழியே ஒரு நடைபாதை

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை நெல் விளைந்துகொண்டிருந்த நிலங்களின் மேல் இன்று லட்சக்கணக்கான ஜனங்கள் வீடு கட்டியும் வாடகைக்கு அமர்ந்தும் குடித்தனம் செய்கிறார்கள். சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று தனித்தனிக் கோயிலும் தனித்தனி ஏரியும் கொண்டு விளங்கிய கிராமங்கள், எது எங்கே முடிகிறதென்று வெளியூர்க்காரருக்குப் புலப்படாத அளவுக்கு இப்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆயினும் இவ்வூர்கள் இணைந்துவிட்டன என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஊரிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிறுமி தனியே நடந்து போவதென்றாலும், மாலை வேளையில் வயதான ஒருவர் பக்கத்து ஊரிலுள்ள மகள் வீடு வரை போய் வருவதென்றாலும், தண்ணீர் லாரிகளுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறதே தவிர, மனிதன் நிம்மதியாகக் கால் வைத்து நடப்பதற்கென்று ஊருக்கும் ஊருக்கும் இடையே ஒரு வழி கிடையாது.

அப்படி ஒரு வழி புதிதாகத் தேடவேண்டியதில்லை என்பதே நான் சொல்ல வந்த விஷயம். இந்த ஊர்களைச் சாலை இணைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தண்ணீர் இணைத்துவிட்டது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே உபரி நீர் நன்மங்கலத்துக்குப் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கும், பிறகு நாராயணபுரத்துக்கும் இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைக் கழுவெளி எனும் சதுப்பு நிலத்தில் பரவும். கழுவெளியிலிருந்து ஒக்கியம் மடுவின் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலை அடையும். ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுச் சீமையில் நம் முன்னோர் அமைத்த இந்தச் சங்கிலியில் ஒவ்வோர் ஏரிக்கும் கரை உண்டு; ஓர் ஏரியையும் அடுத்த ஏரியையும் சேர்ப்பதற்குப் போக்குக்கால்வாயும், அதன் இருமருங்கிலும் கால்வாயைப் பராமரிப்பதற்கென விட்டுவைத்த புறம்போக்கு நிலமும் உண்டு. கரையின் மேலும் கால்வாய் ஓரத்திலும் ஜனங்கள் நடந்தார்கள். மாடு ஓட்டிப் போனார்கள். மதகு திறக்கிறவர் இரவில் லாந்தரோடு போய் வந்தார். அந்தத் தடம் முற்றிலும் அழிந்துபோகவில்லை. இன்றும் இப்பக்கத்து ஏரிக்கரை ஒன்றில் விடியற்காலையில் போய் நின்றால், பனைகளுக்கு அடியில் நடைப்பயிற்சி செய்வோரும், கரையோரம் வீச்சுவலையை உதறிக்கொண்டிருப்பவரும், சம்புப் புல்லுக்குள்ளிருந்து நீல நிறத்தோடு எட்டிப் பார்க்கும் தாழைக்கோழியும் ஒருங்கே கண்ணில் படுவதைக் காணலாம். கரை முடிந்து கலங்கலுக்கு அப்பால் இறங்கியவுடன்தான் சங்கடம் ஆரம்பமாகிறது. கால்வாய் ஒரு மதிற்சுவருக்கும் இன்னொரு மதிற்சுவருக்கும் நடுவே ஒடுங்கி, சிமெண்டுப் பலகையால் மூடப்பட்டு, பிறகு எங்கே போயிற்று என்றே தெரியாமல் மறைந்துவிடுகிறது.

அது மறைந்ததன் பலனை 2015 டிசம்பரிலும், மறுபடியும் 2023 டிசம்பரிலும் இப்பகுதி மக்கள் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே வெள்ள வடிவில் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்ததாக மதிப்பிடப்படும் பள்ளிக்கரணைக் கழுவெளி, குப்பைமேட்டுக்கும் ரேடியல் சாலைக்கும் கட்டடங்களுக்கும் இடம் கொடுத்துக் கொடுத்துச் சுருங்கியபின், 2022இல் 1,247 ஹெக்டேர் பரப்பளவில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது. அது சந்தோஷத்துக்குரிய காரியந்தான். ஆனால் மேலே உள்ள ஏரிகளும் கால்வாய்களும் துண்டு துண்டாகிப் போகுமானால், கீழே உள்ள கழுவெளியை மாத்திரம் வேலி போட்டுக் காப்பாற்றுவதென்பது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு முட்டுக் கொடுப்பதைப் போன்றதாகும்.

ஆதலால் சேலையூரிலிருந்தும் செம்பாக்கத்திலிருந்தும் தொடங்கி, ஏரிக்கரைகளின் மேலும் போக்குக்கால்வாய்களின் ஓரமாகவும் பள்ளிக்கரணை வரைக்கும், அங்கிருந்து ஒக்கியம் மடு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே தெற்கு நோக்கி முட்டுக்காடு வரைக்கும், இடையறாத ஒரு நடைபாதை வேண்டும் என்கிறேன். இதை உல்லாசத்துக்காகக் கேட்கவில்லை. பொது நிலம் பறிபோவது பெரும்பாலும் யாரும் போகாத இடத்தில், யாரும் பாராத காலத்தில் நிகழ்கிறது. முதலில் நாலு லாரி கட்டட இடிபாடு கொட்டப்படும். அடுத்த கோடையில் அது சமன் செய்யப்படும். அதற்கடுத்த வருஷம் அங்கே ஒரு கொட்டகை எழும்பும். பிறகு மின் இணைப்பும் வரி ரசீதும் வந்து சேரும். தினந்தோறும் காலையிலும் மாலையிலும் நூறு பேர் நடந்து போகிற தடத்தில் முதல் லாரி நின்ற அன்றைக்கே யாராவது ஒருவர் ஏனென்று கேட்பார். எந்தக் காவலாளியையும்விட, எந்தக் கம்பி வேலியையும்விட, பொது ஜனங்களின் நடமாட்டமே நிலத்துக்குச் சிறந்த சம்ரக்ஷணை.

சிங்கப்பூர் இந்த யோசனையை 1990களின் ஆரம்பத்திலேயே கையிலெடுத்தது. சாண் நிலமும் விலைமதிப்புள்ள அத்தீவில், பூங்காக்களுக்கென்று புதிய நிலம் தேடி அலையாமல், வடிகால்களின் ஓரத்தில் பராமரிப்புக்காக ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தையும் சாலையோர நிலத்தையும் பயன்படுத்தி, ஒரு பூங்காவிலிருந்து இன்னொரு பூங்காவுக்கு நடந்தும் சைக்கிளிலும் போகத்தக்க இணைப்புப் பாதைகளை அமைத்தார்கள். இன்று அவற்றின் மொத்த நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். இதனினும் என்னைக் கவர்ந்தது அங்கே பழைய இருப்புப் பாதை நிலத்துக்கு நேர்ந்த கதி. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிக்கொண்டிருந்த மலாயா ரயில் பாதை 2011இல் மூடப்பட்டு, அந்நிலம் சிங்கப்பூர் அரசின் வசம் வந்தபோது, தீவின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நாடா போன்ற நிலத்தைத் துண்டு போட்டு விற்றிருந்தால் எவ்வளவோ பணம் கிடைத்திருக்கும். அதைப் பசுமை வழியாகத் தொடர்ச்சி குலையாமல் வைக்கவேண்டுமென்று அங்குள்ள இயற்கைச் சங்கம் அதற்கு முன்பிருந்தே வலியுறுத்தி வந்தது, பொது ஜனங்களும் அதையே கேட்டார்கள், அரசாங்கமும் இணங்கியது. மலாயாவின் இருப்புப் பாதைகளில் கல்லும் மண்ணும் சுமந்து உழைத்தவர்களில் தமிழர்கள் பலர். அத்தகைய பாதையொன்று இன்று எல்லோரும் நடக்கும் வழியாக நிலைபெற்றிருப்பதில் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டென்றே நினைக்கிறேன்.

நம்மிடத்தில் ‘ஏரியை அழகுபடுத்துதல்’ என்ற பெயரால் சில இடங்களில் நடப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஏரியின் நீர் பரவும் பரப்புக்குள்ளேயே மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் சிமெண்டுக் கல் பதித்து, ஓரத்தில் செங்குத்தாகச் சுவர் எழுப்பி, விளக்குத் தூண்களையும் சிமெண்டு மான்களையும் நிறுத்திவிட்டால், நடப்பவர்களுக்கு இடம் கிடைக்கலாம். ஏரி அந்த அளவுக்குச் சிறுத்துப் போகிறது. கரையின் சரிவான ஓரந்தான் நாணலும் கோரையும் வளரும் இடம். தவளை முட்டையிடுவதும், கொக்கு இரை தேடுவதும், மீன் குஞ்சுகள் ஒதுங்குவதும் அங்கேதான். நடைபாதை பழைய கரையின் மேலே மண் தடமாக இருந்தால் போதும். நிழலுக்குப் பூவரசும் புங்கமும் பனையும் போதும். கழுவெளியின் உட்பகுதிக்குள் மனிதன் காலே வைக்கக்கூடாத இடங்கள் இருந்தே ஆகவேண்டும்; பாதை அவற்றை விட்டு விலகி ஓரமாகத்தான் போகவேண்டும். வேலியும் நுழைவுச் சீட்டும் போட்டு, மாடு மேய்ப்பவரையும் மீன் பிடிப்பவரையும் வெளியே நிறுத்திவிட்டு, காலணி அணிந்து ஓடுகிறவர்களை மட்டும் உள்ளே விடுகிற பாதை எனக்கு உடன்பாடில்லை.

இதைவிடக் கடினமான கேள்வியும் ஒன்று உண்டு. நீர்நிலைகளின் ஓரத்தில் குடிசை போட்டு வாழ்கிற ஏழைகளின் கதி என்ன? நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவரப்பட்டு, பிழைப்பைத் தொலைவில் விட்டுவிட்டு, இங்கே மழைக்காலத்தில் வெள்ளத்தோடு மல்லாடுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நடைபாதை என்ற காரணத்தைச் சொல்லி இன்னும் சில ஆயிரம் பேரை இடம்பெயர்க்கப் போவதானால் அதனை நான் எதிர்ப்பேன். கால்வாயின் குறுக்கே நிற்கும் பெரிய கட்டடங்களின் மதிற்சுவர்களை முதலில் அளக்கட்டும். குடிசைவாசிக்கு அருகிலேயே, அவர் வேலை செய்யும் இடத்துக்கு எட்டும் தூரத்திலேயே, மாற்று வீடு கொடுத்த பிறகு அவர் விஷயத்துக்கு வரட்டும்.

நிர்வாக ரீதியில் இது சுலபமான காரியம் அன்று. இந்த ஒரே சங்கிலியில் ஏரி நீர்வளத்துறையைச் சேர்ந்தது. கழுவெளியின் பெரும்பகுதி வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. குறுக்கே செல்லும் சாலை நெடுஞ்சாலைத்துறைக்கு உரியது. தண்ணீரோ தாம்பரம் மாநகராட்சியில் புறப்பட்டு, ஊராட்சிகளைத் தொட்டு, சென்னை மாநகராட்சியில் போய்ச் சேருகிறது. எனினும் ஏரிகளை அளந்து எல்லை வகுத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 2007ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதியின் விஸ்தீரணத்தை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக உயர்த்தி 2022இல் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இது சிங்கப்பூர்த் தீவைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. இவ்வளவு பெரிய பரப்பில் சாலைகளையும் ரயில்களையும் வரைபடத்தில் முன்கூட்டியே கோடிட்டு வைக்கிற பெருநகரத் திட்டங்கள், ஏரிச் சங்கிலிகளையும் அவற்றின் கரையோர நடைவழிகளையும் அதே உறுதியோடு கோடிட்டு வைக்கவேண்டும். கோடிட்ட நிலத்தில் பின்னாளில் எவருக்கும் பட்டா கிடையாதென்று விதிக்கவும் வேண்டும்.

ஏரியையும் பறவையையும் ஊர் ஜனங்களே முன்னின்று காத்த வரலாறு இதே செங்கல்பட்டுச் சீமைக்கு உண்டு. வேடந்தாங்கல் கிராமத்தார், தங்கள் ஏரியில் தங்கும் பறவைகளைச் சுடக்கூடாதென்று வற்புறுத்தி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து மூலமாகவே உரிமை பெற்றார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் பயிருக்கு உரம் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இந்தப் பத்தியைப் படிக்கிற அன்பர்களில் ஊராட்சிப் பகுதியில் வசிப்போர், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை போக்குக்கால்வாயை அளந்து கல் நட்டு, அதன் ஓரத்தை நடைவழியாக அறிவிக்கவேண்டுமென்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்; மாநகராட்சிப் பகுதியில் வசிப்போர் அதையே பகுதி சபையில் கேளுங்கள். உலக நீர் நாளான மார்ச் 22ஆம் தேதி தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று.