பெட்ரோல் நாற்றத்துக்குப் பத்துப் போட முடியுமா?

காலையில் காரைக் கிளப்பினாலே தலையை வலிக்குது, சுக்குப் பத்துப் போடலாமா என்று பாப்பாரப்பட்டியில் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போடுங்கள். ஆனால், கசிகிற குழாய்க்கு யார் பத்துப் போடுவது?

பழைய கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரை நாலு தடவை மிதித்தால் பெட்ரோல் மிஞ்சி நாறும். சற்று நேரத்தில் அடங்கும். இஞ்செக்‌ஷன் வண்டிக்கு இந்தச் சமாதானம் செல்லாது. டேங்க் மூடி சரியாக உட்காரவில்லையா, ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, இஞ்செக்டரின் ரப்பர் வளையம் இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். 2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய வண்டிகள் சிலவற்றின் ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

சிலர் டேஷ்போர்டில் சென்ட் புட்டி வைத்துச் சமாளிக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது! மூக்கு எதற்கும் சீக்கிரம் பழகிவிடும், உடம்பு அப்படியல்ல. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மூடிய ஷெட்டில் தரையோடு தரையாகத் தங்கும். அங்கேதானே நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்?

நாற்றம் தொடர்ந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். ஷெட் கதவை விரியத் திறந்துவிட்டு, மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். இருட்டாக இருக்கிறதே என்று தீக்குச்சியை மட்டும் கிழித்துவிடாதீர்கள், சாமி!