இல்லத்து இணைப்பை மாற்றலாமா?



தொலைபேசிக் கம்பி வழியே இணையம் பெறும் அச்சன்புதூர் இல்லங்கள், கண்ணாடி இழையாகிய ஃபைபருக்கு மாறலாமா? இவ்வினாவுக்கு வீட்டின் தேவையைக் கொண்டே விடை காண வேண்டும்.

வளைகுடாவில் பணிபுரியும் தந்தை காணொளி அழைப்பில் வருகிறார். அவர் முகம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைகளின் முகமோ அவருக்கு அசைவற்று நின்றுவிடுகிறது. காரணம் யாது? செம்புக் கம்பியில் இயங்கும் ஏ.டி.எஸ்.எல். முறையில் பெறும் வேகத்தைவிட அனுப்பும் வேகம் மிகக் குறைவு. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளியிருக்குமாயின் வேகம் மேலும் தளரும். ஃபைபரில் ஒளியே செய்தியைச் சுமப்பதால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். இவ்வழியே நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்ப இயலும் என 1966இல் எடுத்துரைத்த சார்லஸ் காவோ, 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும் 200, 300 மெகாபிட் என்னும் விளம்பர எண்களில் மயங்க வேண்டாம். ஒரு காணொளி அழைப்புக்குச் சில மெகாபிட்டே போதும். மூவர் நால்வர் பயன்படுத்தும் இல்லத்துக்கு 30 மெகாபிட் பெரும்பாலும் நிறைவளிக்கும். தேவைக்கு மேற்பட்டது வீண்விரயமே. விளம்பரத் தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியுள்ளதா என்பதையும் கேட்டறிக.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. மின்வெட்டிலும் மணி ஒலித்தது. ஃபைபர் கருவிக்கோ வீட்டு மின்சாரம் வேண்டும். குற்றாலச் சாரல் காலத்துப் பெருங்காற்றில் மின்சாரம் நின்றால், இன்வெர்ட்டரோ சிறு யு.பி.எஸ். கருவியோ இல்லாத வீட்டில் இணைப்பும் நின்றுவிடும். அவசர வேளையில் வெளிநாட்டிலிருந்து அழைப்பவர் தவிக்க நேரும். மறுபுறம், கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலின் தொலைபேசிக் கம்பி வழியே மின்னல் பாய்ந்து கருவி பழுதாகும் அச்சம் இராது. மின்கம்பி வழியே வரும் ஆபத்து மட்டும் நீங்காது.

தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளைக் குறித்துத் தீட்டப்பட்டது பாரத்நெட் ஃபைபர் திட்டம். நம் ஊர் பேரூராட்சி, ஆகவே பி.எஸ்.என்.எல். அல்லது தனியார் நிறுவனங்களிடமே விசாரிக்க வேண்டும். அனுப்பும் வேகம் எவ்வளவு, பழைய தொலைபேசி எண் தொடருமா, பழுது நேர்ந்தால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்னும் மூன்றையும் கேளுங்கள்.

ஒருவர் மட்டும், அதுவும் கைப்பேசியில் செய்தி பார்க்கும் வீட்டுக்கு மாற்றம் அவசியமன்று. பிள்ளைகள் இணையவழிக் கல்வி பயிலும் வீடும், குடும்பத் தலைவர் கடல் கடந்திருக்கும் வீடும் தயங்காது மாறலாம்.