முகமும் அளவும்

மார்கழித் திங்களின் விடியற்காலையில் மீன்சுருட்டியின் தெருக்களில் நடப்போர் ஒன்றைக் காணலாம். வாயிலில் சாணநீர் தெளித்துப் பெருக்கிய மகளிர், கோலம் இடத் தொடங்குமுன் புள்ளிகளை வரிசை வரிசையாக வைக்கின்றனர். மயிலின் கழுத்தை முதலில் இட்டுவிட்டு உடலைப் பின்னர் எங்கேனும் பொருத்திக்கொள்ளலாம் என்று அவர்களுள் எவரும் எண்ணுவதில்லை. புள்ளி தவறினால் கோலம் தவறும் என்பதை எட்டு வயதுச் சிறுமியும் அறிவாள். ஆயினும் அதே சிறுமி பள்ளியில் ஓவிய ஏட்டைத் திறந்து ஒரு முகத்தை வரையப் புகும்போது, புள்ளியையும் வரிசையையும் மறந்துவிடுகிறாள். நேரே ஒரு கண்ணை வரையத் தொடங்குகிறாள்.

அக்கண் பெரும்பாலும் அழகாகவே அமையும். இமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணி வரையப்பட்டிருக்கும்; கருவிழியில் ஒளித்துளியும் இருக்கும். இடர் இரண்டாம் கண்ணில் தொடங்கும். அதற்குரிய இடம் எது என்று சொல்ல ஏட்டில் ஒன்றும் இல்லை. ஒரு கண் மேலும் ஒரு கண் கீழும் ஆகும். மூக்கு ஒருபுறம் ஒதுங்கும். நெற்றிக்கு இடம் போதாமல் மண்டை தட்டையாகும். பலமுறை அழித்துத் தாள் கிழிந்தபின், "எனக்குக் கை வராது" என்ற சொல் பிறக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிறக்கும் இச்சொல் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடுகிறது. அறுபது வயதிலும் அவர் ஒரு முகத்தை வரைய முயல்வதில்லை. இருதரப்பையும் கேளாமல் அளித்த தீர்ப்புப் போன்றது இது. கை ஒரு குற்றமும் செய்யவில்லை. கண்ணை எங்கு வைப்பது என்று அதற்கு எவரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவே.

சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு. முகத்தின் உறுப்புகளைத் தொடுமுன் தலையின் கட்டுமானத்தை எளிய வடிவங்களால் அமைத்துக்கொள்ளும் முறை அது. அமெரிக்க ஓவியரான ஆண்ட்ரூ லூமிசு, தலையையும் கைகளையும் வரைதல் பற்றி 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். ஓவியம் பயிலத் தொடங்குவோர் பலர் இன்றும் அவர் வழியைப் பின்பற்றுகின்றனர். முதலில் ஒரு பந்து. மண்டை ஏறத்தாழப் பந்து வடிவினது. ஆயினும் பக்கங்களில் தட்டையானது. ஆதலின் இளநீரைச் சீவுவதுபோலப் பந்தின் இரு பக்கங்களையும் சிறிது சீவிவிடுதல் வேண்டும். பந்தின் நடுவே குறுக்காக ஓடும் கோடு புருவக்கோடு. நெடுக்காக ஓடுவது முகத்தை இரு கூறாக்கும் நடுக்கோடு. மயிர் தொடங்கும் இடத்திலிருந்து புருவக்கோடு வரை உள்ள அளவை எடுத்து, அதன் கீழே ஒருமுறை வைத்தால் மூக்கின் அடி. மீண்டும் ஒருமுறை வைத்தால் மோவாய். காது, புருவக்கோட்டிற்கும் மூக்கின் அடிக்கும் இடையே அமையும். மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரை செல்லும் வழியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் வாய். நேராக நோக்கும் முகத்தின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண்களின் அகலம். இரு கண்களுக்கும் இடையே இன்னொரு கண்ணுக்கு இடம் உண்டு.

இவற்றுள் பலர்க்கும் வியப்பளிப்பது கண்ணின் இடம். உச்சந்தலை முதல் மோவாய் வரை அளந்தால், கண்கள் ஏறத்தாழச் சரிபாதியில் உள்ளன. நம்பாதவர் ஒரு குச்சியைக் கொண்டு அருகிலிருப்பவர் தலையை அளந்து பார்க்கலாம். தொடக்கத்தில் வரைவோர் கண்ணை மிக மேலே வைத்துவிடுவதற்குக் காரணம் உண்டு. பேசும்போதும் பழகும்போதும் மக்கள் கண்ணையும் வாயையுமே நோக்குகின்றனர். நெற்றிக்கு மேல் உள்ள தலையை நோக்குவதில்லை. நோக்காத பகுதி கையில் சுருங்கிவிடுகிறது.

தட்டையான வட்டம் போதாதா, பந்து எதற்கு என்று வினவலாம். முகம் எப்போதும் நேரே நோக்கி நிற்பதில்லை. திரும்பும், குனியும், நிமிரும். உரித்த தேங்காய் ஒன்றை எடுத்து, அதன் நடுவே கரியால் குறுக்காக ஒரு கோடும் நெடுக்காக ஒரு கோடும் சுற்றி வரைக. கோடுகள் சந்திக்கும் இடத்தை நேரே நோக்கும்போது இரண்டும் நேர்கோடுகளாகவே தோன்றும். தேங்காயைச் சிறிது திருப்பினால் நெடுக்குக் கோடு வளைந்து ஒருபுறம் ஒதுங்கும். முன்புறமாகச் சாய்த்தால் குறுக்குக் கோடு கீழ்நோக்கி வளையும். குனிந்த தலையின் புருவமும் கண்களும் அவ்வளைவின் வழியே அமைகின்றன. மூக்கை மட்டும் திருப்பிவிட்டுக் கண்களை நேராக வரைந்துவிடும் பிழை, இத்தேங்காயைப் பத்து நிமிடம் உருட்டிப் பார்த்தவரிடம் அரிதாகவே நேரும். பயிற்சி முடிந்தபின் தேங்காய் வீணாவதும் இல்லை.

இம்முறை மேனாட்டார் தந்தது என்று கருதி ஒதுக்குவாரும், மேனாட்டார் தந்தது என்பதற்காகவே போற்றுவாரும் உளர். இருசாராரும் மீன்சுருட்டிக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திற்கு ஒருமுறை சென்று வருதல் நன்று. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த அக்கோயிலின் வடபுற வாயிற்படிக்கு அருகே, சண்டேசருக்குச் சிவபெருமான் அருள்புரியும் சிற்பம் உள்ளது. உமையோடு அமர்ந்த இறைவன், கைகூப்பிப் பணிந்த அடியாரின் தலையில் பூமாலையைச் சுற்றுகின்றான். அருளோடு நோக்கும் முகம் ஒன்று. அடங்கித் தாழ்ந்த முகம் ஒன்று. கல்லில் இத்துணை மென்மை எவ்வாறு வந்தது என்று வியப்போர், அதன் அடியில் உள்ள கணக்கையும் எண்ணுதல் வேண்டும். சிற்ப நூலார் முகத்தின் நீளத்தையே ஓர் அளவாகக் கொண்டு அதனைத் தாளம் என்றனர். ஒரு தாளம் 12 அங்குலம். இவ்வங்குலம் அடிக்கோலில் காணும் அங்குலம் அன்று. உருவின் உயரத்திற்கேற்பப் பெருகியும் சுருங்கியும் வருவது. ஒன்பது தாள உருவத்தின் உயரம் 108 அங்குலம். முகத்தின் 12 அங்குலத்தை நெற்றிக்கு நான்கு, மூக்கிற்கு நான்கு, மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரை நான்கு எனப் பகுத்தனர். உரோம நாட்டுக் கட்டடக் கலைஞரான விட்ருவியசு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியதும் இத்தகைய மூன்று சமபங்கே. லூமிசு எழுதியதும் அதுவே. முகத்தைக் கருத்தோடு நோக்கிய எவருக்கும் அது தானே புலப்படும் போலும்.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் திருமேனி வார்க்கும் சிற்பிகள், தென்னங்கீற்றிலிருந்து மெல்லிய ஓலை ஒன்றை உருவின் உயரத்திற்கு நறுக்கி, பகுப்புகளுக்கேற்ப மடித்து, அம்மடிப்புகளையே அளவாகக் கொண்டு மெழுகில் உருச் செய்வர். அதனை ஒடியோலை என்பர். மெழுகைத் தொடுமுன் ஓலையை மடிப்பதும், கண்ணை வரையுமுன் கோடுகளை இடுவதும் ஒரே வகைச் செயல்களே.

இங்கே ஒரு தடை எழும். அது வலிமையுள்ள தடையே. அளவால் அமைந்த தெய்வத் திருமேனிகள் முகத்தால் ஒன்றையொன்று ஒத்துள்ளன. எல்லா முகத்தையும் ஒரே அளவால் வரைந்தால், பாட்டியின் முகமும் பேரனின் முகமும் ஒன்றாகிவிடாவோ? அளவு வந்தால் ஆள் மறைந்துவிடாரோ? மறைவதும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேசர் உருவில் இராசேந்திரனே குறிக்கப்பட்டான் என்று கருதுவோர் உளர். எனினும் அம்மன்னனின் மூக்கு நீண்டதோ, தாடை அகன்றதோ என்பதை அச்சிற்பத்தைக் கொண்டு எவரும் துணிந்து கூற இயலாது. திருமேனி செய்வோர்க்கு அளவு ஒரு விதி. வழிபாட்டிற்குரிய வடிவத்தைத் தருவதே அவ்விதியின் நோக்கம். ஒருவருடைய சாயலைத் தருவது அன்று.

சாயல் வேண்டுவோர் அவ்வளவையே வேறு வகையில் கையாளுதல் வேண்டும். மூன்று பங்கும் சமம் என்று கொண்டு முகத்தை முடித்துவிடாமல், எதிரில் அமர்ந்தவரிடம் அவை சமமாக உள்ளனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு நோக்க வேண்டும். இவருடைய நெற்றி ஒரு பங்கினும் மிக்கதோ? கண்களுக்கு இடையே உள்ள இடம் ஒரு கண்ணினும் குறைந்ததோ? பல் இழந்த முதியோரிடம் மூக்கிற்கும் மோவாய்க்கும் இடையே உள்ள பங்கு குறுகியிருக்கும். கைக்குழந்தையிடம் கண்கள் தலையின் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். செருமானிய ஓவியரான ஆல்பிரெக்ட் டியூரர், மாந்தர் உடலின் அளவுகளைப் பற்றி நான்கு பகுதிகளாக எழுதிய நூல், அவர் மறைந்த 1528-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதில் ஒரு முகத்தின்மேல் கோடுகளை இட்டு, அக்கோடுகளை நெருக்கியும் விலக்கியும் சாய்த்தும் காட்டுகிறார். கோடுகள் இடம் பெயரப் பெயர, ஒருவர் முகமே வேறு வேறு மனிதரின் முகமாகிவிடுகிறது. பொது அளவை அறியாதவர் தம் படத்தைப் பார்த்து, "ஏதோ ஒத்துவரவில்லை" என்று மட்டும் உணர்வார். எது என்று அறியார். வெண்பா எழுதப் பழகுவோர் அலகிட்டுப் பார்த்துத் தளை தட்டும் இடத்தைக் கண்டுகொள்வதுபோல, அளவறிந்தவர் பிழை நின்ற இடத்தைக் கண்டுகொள்வார்.

நிழற்படத்தின்மேல் கட்டங்கள் இட்டு, தாளிலும் அவ்வாறே இட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்த்து வரையும் வழக்கம் பள்ளிகளில் பரவியுள்ளது. திரைப்படப் பதாகைகளைத் தீட்டிய ஓவியர்கள், சிறிய படத்தைப் பெரும்பரப்பில் பெருக்குவதற்கு இம்முறையைக் கையாண்டனர். அவர்தம் தொழிலுக்கு அது தக்க கருவி. அவர்கள் முகத்தின் அமைப்பை முன்னரே அறிந்தவர்கள். தொடங்குவோர்க்கு அது தக்கது அன்று. கட்டத்திற்குள் இருப்பது மூக்கா, மலையா என்று அறியாமலே கோட்டைப் பெயர்த்துவிடலாம். படம் ஒத்திருக்கும், கண்டோர் புகழ்வர், போட்டியில் பரிசும் கிடைக்கும். ஆனால் திண்ணையில் அமர்ந்து முறத்தில் அரிசி புடைக்கும் பாட்டியின் முகத்தின்மேல் கட்டம் இடுவது எவ்வாறு? கைப்பேசித் திரையின்மேல் தாளை வைத்துப் படியெடுப்பதோ இதனினும் தாழ்ந்தது. அதில் கண்ணுக்கும் வேலை இல்லை.

படியெடுக்க ஒன்றுமே இல்லாத முகமும் உண்டு. திருவள்ளுவரைக் கண்டு எழுதிய படம் எதுவும் இல்லை. கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த வள்ளுவர் உருவம் 1960-ஆம் ஆண்டில் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. இன்று பாடநூல்களிலும் பேருந்துகளிலும் தமிழ்மக்கள் காணும் வள்ளுவர் அவரே. அகன்ற நெற்றியும் அமைந்த நோக்கும் நீண்ட தாடியும் கொண்ட அம்முகம், எதிரில் ஒருவரும் அமராமல் கட்டி எழுப்பப்பட்ட முகம். பெயர்த்து வரைய மட்டுமே கற்றவர் அத்தகைய பணியைத் தொடங்கவும் இயலாது.

பயிலும் மாணவர்க்கு ஓர் இடையூறு வகுப்பறையிலேயே நேர்வதுண்டு. துணைக்கோடுகள் தெரிந்தால் படம் தூய்மையாக இல்லை என்று கருதி மதிப்பெண்ணைக் குறைக்கின்றனர். மாணவரும் அஞ்சிக் கோடுகளை அழித்துவிடுகின்றனர். சிலர் இடாமலே விட்டுவிடுகின்றனர். முதல் ஓராண்டேனும் அக்கோடுகளை அழிக்காமல் வைத்திருக்கச் செய்வதே முறை. கோடுகள் இருந்தால், "புருவக்கோடு சாய்ந்திருக்கிறது, கண்கள் மட்டும் சாயாமல் நிற்கின்றன" என்று ஆசிரியர் விரல் வைத்துக் காட்டலாம். அழித்துவிட்டால், "நன்றாக இல்லை" என்பதற்கு மேல் அவராலும் ஒன்றும் சொல்ல இயலாது. ஏட்டின் முதல் முப்பது தலைகளுக்குக் கண்ணும் மூக்கும் வேண்டுவதில்லை. பந்தும் கோடுகளும் போதும். அதன்பின் வீட்டில் உள்ளோரை ஒருவர்பின் ஒருவராக அமரச் செய்யலாம். சிறுவர் அசையாமல் இரார்; முதியோர் வெற்றிலை மென்றுகொண்டேனும் ஓரிடத்தில் அமர்ந்திருப்பர். ஆதலின் பாட்டியிடமிருந்து தொடங்குவது எளிது.