கல்யாணப் படம் எடுக்க எந்தக் காமிரா?

புதுசு வாங்கும் முன்பு, பரணில் கிடக்கும் கேசட்டைப் பாருங்கள்!

குத்தாலம் என்றதும் சிலர் அருவியை நினைப்பார்கள். அருவி இருப்பது தென்காசி மாவட்டத்துக் குற்றாலம். இது காவிரிக் கரையில், மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள குத்தாலம்.

இதன் அருகில்தான் திருமணஞ்சேரி இருக்கிறது. கல்யாணம் கைகூட வேண்டும் என்று எங்கெங்கோ இருந்து மக்கள் வந்து வேண்டிக்கொள்ளும் தலம்.

கல்யாணத்துக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில், கல்யாணப் படமும் முக்கியம். பிள்ளை சிங்கப்பூரில் இருப்பான். மாமா வளைகுடா நாட்டில் இருப்பார். வர முடியாதவர்களுக்குப் படம்தான் பந்தி!

"வீட்டுக்கு ஒரு வீடியோ காமிரா வாங்கலாமா? செல்போனே போதுமா?" என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது.

காமிரா வந்த கதை

வி.எச்.எஸ். கேசட்டை ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி 1976-ல் கொண்டுவந்தது. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் கலர் டெலிவிஷன் வந்தது. அதன் பிறகு வீடியோ மோகம் பரவியது.

காமிராவும் பதிவுக் கருவியும் ஒன்றாகச் சேர்ந்த வீட்டுக் காமிராவை சோனி 1983-ல் விற்றது. அதில் படம் எடுக்கலாம். எடுத்ததைப் போட்டுப் பார்க்க முடியாது! 1985-ல் சின்ன 8 மில்லிமீட்டர் கேசட் வந்தது. 1995-ல் டிஜிட்டல் கேசட் வந்தது. பிறகு விரல் நகம் அளவுள்ள மெமரி கார்டு எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கருவி சீக்கிரம் மாறுகிறது. அதில் எடுத்த படமோ பேரன் காலம் வரை நிற்க வேண்டும்.

செல்போன் போதுமா?

பிறந்த நாள், பள்ளி விழா, குழந்தையின் முதல் நடை. இவற்றுக்குச் செல்போன் போதும். படம் தெளிவாகவே இருக்கும்.

கல்யாண மண்டபத்தில் நிலைமை வேறு. கடைசி வரிசையில் இருந்து தாலி கட்டுவதை எடுக்க, கண்ணாடி வில்லையே நகர்ந்து பெரிதாக்கிக் காட்டும் "ஆப்டிகல் ஜூம்" வேண்டும். "டிஜிட்டல் ஜூம்" என்பது எடுத்த படத்தை இழுத்துப் பெரிதாக்குவதுதான். முகம் மங்கிவிடும். பெட்டியில் எழுதியுள்ள பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது எந்த ஜூம் என்று கேளுங்கள்.

அடுத்தது சத்தம். கெட்டிமேளம் காதைப் பிளக்கும். பாட்டியின் ஆசீர்வாதமோ மெல்லக் கேட்கும். தூரத்தில் உள்ள மைக், அருகில் உள்ள இரைச்சலைத்தான் பிடிக்கும். ஆகவே வெளி மைக் மாட்டும் வசதி உள்ளதா என்று பாருங்கள்.

மூன்றாவது நேரம். முகூர்த்தம் மணிக்கணக்கில் நடக்கும். போட்டோ எடுக்கும் காமிராக்களில் சில, அரை மணி நேரம் ஆனதும் தானாக நின்றுவிடும். கடையிலேயே விசாரியுங்கள். கூடுதல் பேட்டரி ஒன்றும் வேண்டும்.

நம் ஊர் மின்சாரம் ஒரு வினாடிக்கு 50 சுற்று. அமெரிக்க வழக்கப்படி 60-க்கு ஏற்ப வைத்த காமிராவில் மண்டப விளக்குகள் படபடக்கலாம். காமிராவில் 50 என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

"4கே" வேண்டுமா?

"4கே" படம் மிகத் தெளிவு. ஆனால் இடத்தை விழுங்கும். வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்தால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். வினாடிக்கு 16 மெகாபிட் வீதம் எடுக்கும் சாதாரண எச்.டி. படத்துக்குச் சுமார் 7 ஜி.பி. போதும். சேமிக்க இடம் இல்லாதவர்களுக்கு எச்.டி.யே நல்லது.

ஈரம் என்ற எதிரி

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. சுவர் எல்லாம் ஈரம். அந்த ஈரத்தில் காமிரா கண்ணாடியில் பூசணம் பிடிக்கும். தோல் பையில் மூடிப் பீரோவில் வைக்காதீர்கள். இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பழைய கேசட்டுக்கு ஆபத்து!

கேசட் நாடா, பிளாஸ்டிக் மீது காந்தத் தூளைப் பசை போல ஒட்டியது. காலம் ஆக ஆக அந்தப் பசை ஈரத்தை இழுத்துக் கெடுகிறது. காந்தப் பதிவும் மங்குகிறது.

போட்டுப் பார்க்கும் கருவியும் மறைந்து வருகிறது. ஜப்பானின் புனாய் கம்பெனி 2016 ஜூலையில் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்தியது. யுனெஸ்கோவும் 2019-ல் காந்த நாடாப் பதிவுகள் குறித்து உலகம் முழுவதும் எச்சரிக்கை விடுத்தது.

புதுக் காமிரா அடுத்த வருடமும் கிடைக்கும். தாத்தா பேசும் படம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கேசட் கெட்டால் அவர் குரலும் போய்விடும்.

என்ன செய்ய வேண்டும்?

கையில் உள்ள பணத்தை இந்த வரிசையில் செலவிடுவது புத்திசாலித்தனம்.

முதலில், பழைய கேசட்டை டிஜிட்டலாக மாற்றுங்கள். பூசணம் பிடித்த கேசட்டை வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். அந்தக் கருவியும் அழுக்காகும், அடுத்து போடும் கேசட்டும் கெடும். பிரதி எடுத்த பிறகும் மூலக் கேசட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி. ஒன்று வீட்டில். மற்றொன்று வெளியூரில் உள்ள மகளிடமோ அண்ணனிடமோ இருக்கட்டும். ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் மற்றது தப்பும்.

மூன்றாவது, செல்போனுக்கு ஒரு தாங்கியும் மைக்கும் வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு பணம் மிஞ்சினால், ஆப்டிகல் ஜூம் உள்ள காமிரா வாங்கலாம்.

இந்த வாரமே பரணில் ஏறுங்கள். கேசட்டை இறக்கி, துடைத்து, யார் கல்யாணம், எந்த வருடம் என்று பெரியவர்களிடம் கேட்டு மேலே எழுதி ஒட்டுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.