ட்ரம்ப் 'நீக்கிவிட்டேன்' என்றார்... ஆனால் அவர் பதவியிலேயே தொடர்ந்தார்! அமெரிக்க மத்திய வங்கியில் என்னதான் நடந்தது?

உலகிலேயே அதிகாரம் மிக்க பதவி அமெரிக்க அதிபர் பதவி என்பார்கள். அந்த அதிபர் ஒரு அதிகாரிக்கு 'உங்களைப் பதவியிலிருந்து நீக்குகிறேன்' என்று கடிதம் எழுதி, அதைத் தன் ட்ரூத் சோஷியல் பக்கத்திலும் போட்டார். நாள்: ஆகஸ்ட் 25, 2025. ஒரு மாதம் தாண்டி, 2025 அக்டோபர் வந்தது. அப்போதும் அந்த அதிகாரி அதே நாற்காலியில்தான் இருந்தார். இடையில் நடந்த வட்டி விகிதக் கூட்டத்தில் ஓட்டும் போட்டுவிட்டார்.

அவர் பெயர் லிசா குக். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஏழு கவர்னர்களில் ஒருவர். இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கருப்பினப் பெண். பைடன் காலத்தில் 2022-ல் வந்தவர். பதவிக்காலம் 2038 ஜனவரி வரை இருக்கிறது.

குற்றச்சாட்டு என்ன?

2021-ல் இரண்டு வீடுகளுக்குக் கடன் வாங்கியபோது, இரண்டையுமே 'நான் குடியிருக்கும் வீடு' என்று குக் எழுதிக்கொடுத்தார் என்பதுதான் புகார். சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்றால் வட்டி குறையும். புகாரைக் கிளப்பியவர் ட்ரம்ப் நியமித்த வீட்டுக்கடன் கண்காணிப்பு அமைப்பின் தலைவர் பில் பல்ட்டே. குக் மறுக்கிறார். நீதிமன்றத்தில் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை.

சரி, அதிபர் நியமிக்கும் பதவிதானே, அவரே நீக்கினால் என்ன? இங்கேதான் சிக்கல். ஃபெடரல் ரிசர்வ் சட்டம் 1913-ல் வந்தது. கவர்னர்களை அதிபர் நியமிக்கலாம், செனட் ஒப்புதல் வேண்டும். பதவிக்காலம் 14 ஆண்டுகள். இடையில் நீக்க 'தகுந்த காரணம்' வேண்டும். எது தகுந்த காரணம் என்று சட்டம் விளக்கவே இல்லை! 112 ஆண்டுகளில் எந்த அதிபரும் ஒரு கவர்னரை இப்படி நீக்கியதில்லை என்பதால், அதைச் சோதித்துப் பார்க்கும் வேளையும் வரவில்லை.

மாவட்ட நீதிபதி ஜியா காப் செப்டம்பர் 9-ம் தேதி நீக்கத்துக்குத் தடை போட்டார். பதவியில் இருந்தபோது செய்த தவறுதான் காரணமாக முடியும், பதவிக்கு வருவதற்கு முன்பு கையெழுத்திட்ட வீட்டுக்கடன் பத்திரம் அல்ல என்பது அவர் பார்வை. பதில் சொல்ல குக்குக்கு முறையான வாய்ப்பு தரவில்லை என்பது இன்னொரு காரணம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2-1 என்ற கணக்கில் தடையை நீக்க மறுத்தது. அக்டோபர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம், 'ஜனவரியில் விசாரிக்கிறோம், அதுவரை அவர் இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டது.

ஒரு நாற்காலிக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு?

கணக்கைப் பாருங்கள். 2025 அக்டோபரில் இருந்த ஏழு கவர்னர்களில் போமன், வாலர், மிரான் ஆகிய மூன்று பேரை கவர்னர் ஆக்கியது ட்ரம்ப். குக் போனால் நான்கு. அதாவது பெரும்பான்மை. (அப்போதைய தலைவர் ஜெரோம் பவலைத் தலைவராக முன்மொழிந்ததும் 2017-ல் இதே ட்ரம்ப்தான். அது தனிக் கதை.)

வட்டியைத் தீர்மானிப்பது 12 ஓட்டுகள். ஏழு கவர்னர்களும், வட்டார ரிசர்வ் வங்கிகளின் ஐந்து தலைவர்களும் சேர்ந்தது அந்தக் குழு. 'அப்போ நான்கு பேரை வைத்து என்ன செய்ய முடியும்?' என்று தோன்றலாம். வட்டார வங்கித் தலைவர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026 பிப்ரவரி கடைசியில் முடிவதாக இருந்தது. அவர்கள் தொடர வேண்டுமானால் கவர்னர்கள் குழு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியே அதிகம் பேசப்படாத இந்த விஷயம்தான் அந்த நாற்காலியின் உண்மையான விலை.

ட்ரம்ப் கேட்பது பெரிய வட்டிக் குறைப்பு. அமெரிக்க அரசின் கடன் 37 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது, வட்டி கட்டியே மாளவில்லை என்பது அவர் தரப்பு வாதம். செப்டம்பர் 17-ல் ஃபெட் கால் சதவீதம் மட்டும் குறைத்தது. அரை சதவீதம் வேண்டும் என்று எதிர்த்து ஓட்டுப் போட்டவர் மிரான் ஒருவர்தான். முந்தைய நாள்தான் அவர் பதவியேற்றிருந்தார்.

அதிபர் சொல்படி கேட்டால் என்ன ஆகும்?

1972 தேர்தலுக்கு முன்பு, வட்டியைத் தளர்த்தச் சொல்லி நிக்சன் அன்றைய தலைவர் ஆர்தர் பர்ன்ஸை நெருக்கியது வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. நிக்சன் அமோகமாக ஜெயித்தார். அடுத்த ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1974 முடிவில் பணவீக்கம் 12 சதவீதத்தைத் தாண்டியது. அதை அடக்க பால் வோல்க்கர் 1981-ல் வட்டியை 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வேலையின்மை 10.8 சதவீதம் ஆனது. வீடு கட்டுபவர்கள் 'இது இனி எங்களுக்கு எதற்கு' என்பதுபோல மரச்சட்டங்களைத் தபாலில் ஃபெடுக்கு அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டர்களோடு வந்து தலைமையகத்தை முற்றுகையிட்டார்கள்.

இன்னொரு விஷயம். ஃபெட் வட்டியைக் குறைத்தால் வீட்டுக்கடன் வட்டி தானாகக் குறைந்துவிடாது. 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஃபெட் மொத்தம் ஒரு சதவீதம் குறைத்தது. ஆனால் அதே காலத்தில் 30 ஆண்டு வீட்டுக்கடன் வட்டி 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது 7-ஐ நெருங்கிப் போனது! நீண்ட காலக் கடனுக்குப் பணம் போடுபவர்கள், வருங்கால விலைவாசியைப் பார்த்துத்தான் வட்டி கேட்பார்கள். ஃபெட் அதிபர் கைக்குள் போய்விட்டது என்ற பயம் வந்தால் கூடுதலாகவே கேட்பார்கள்.

1935 தீர்ப்பு நிற்குமா?

குக்குக்கு ஆதரவான சட்ட மரபின் வேர் பழைய வழக்கு ஒன்றில் இருக்கிறது. வர்த்தக ஆணைய உறுப்பினர் வில்லியம் ஹம்ஃப்ரியை அதிபர் ரூஸ்வெல்ட் 1933-ல் நீக்கினார். சம்பள பாக்கி கேட்டு நடந்த வழக்கு முடிவதற்குள் ஹம்ஃப்ரி இறந்தே போனார். ஆனால் தீர்ப்பு அவர் பக்கம். காரணம் இல்லாமல் இப்படிப்பட்ட அமைப்பின் உறுப்பினரை அதிபர் நீக்க முடியாது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

இன்றைய நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வந்தது. அதே வர்த்தக ஆணையத்தின் ரெபெக்கா ஸ்லாட்டரை நீக்கியதற்கு 2025 செப்டம்பரில் தற்காலிகமாக வழிவிட்டது. அவர் வழக்கு 2025 டிசம்பரில் விசாரணைக்கு வந்தது. ஆனால் 2025 மே மாத உத்தரவு ஒன்றில், ஃபெட் மற்ற அமைப்புகளைப் போன்றதல்ல, தனித்த கட்டமைப்பு உள்ளது என்று நீதிபதிகளே குறித்துவைத்தார்கள். அந்த ஒரு குறிப்புதான் குக் தரப்புக்கு அப்போது பெரிய தெம்பாக இருந்தது.

அமெரிக்க வட்டி இறங்கினால் டாலரும் தங்கமும் அசையும் என்பதால் நம்ம ஊர் நகைக்கடை வரைக்கும் இதன் சத்தம் கேட்கும். ஃபெடின் அடுத்த கூட்டம் 2025 அக்டோபர் 28, 29-ல் இருந்தது. அதில் லிசா குக்குக்கு ஓட்டு இருந்தது.